முப்பது சென்டிமீட்டர்

ஆல்பெர்தேயின் கடைசித் தேர்வுக்கு அவளுடைய அப்பா ப்ரேபனும் நானும் போயிருந்தோம். ப்ரேபன் என் தம்பி. டென்மார்க்கில், ஓதென்சே நகரில் பஸ் ஓட்டுகிறவன். இயற்பியல், வாய்மொழித் தேர்வு. தேறினால், பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இங்கே போடுகிற வெள்ளைத் தொப்பி. தேறாவிட்டால், நாளைக்கு வகுப்பே தொப்பியோடு லாரியில் ஊர்வலம் போகும்போது இவள் மட்டும் வீட்டில். தொப்பியை ப்ரேபன்தான் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான்.

"கதவுகிட்ட நிக்காதப்பா. உன்னைப் பார்த்தா கை நடுங்குது."

இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனான். "இப்போ?"

"பாதி நடுங்குது. அத்தை மட்டும் உள்ள வரட்டும். அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, அதனால பயமில்ல."

வாய்மொழித் தேர்வை இங்கே யாரும் உட்கார்ந்து கேட்கலாம். நானும் மூலையில் உட்கார்ந்தேன், கண்ணுங்களா, வாயே திறக்காமல். அது எனக்கு எவ்வளவு பாடு என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

பச்சைத் துணி விரித்த மேஜையில் ஒரு சீட்டை எடுத்தாள். கூலும் விதி. மூன்று மைக்ரோகூலும் நேர் மின்னூட்டம், இரண்டு மைக்ரோகூலும் எதிர் மின்னூட்டம், நடுவே முப்பது சென்டிமீட்டர். எவ்வளவு விசையோடு இழுத்துக்கொள்ளும்?

பலகையில் பெருக்கினாள், தூரத்தால் வகுத்தாள். 0.18 நியூட்டன். அவளுடைய ஆசிரியர் ஃப்ளெமிங் தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் குத்ரூன் கேட்டார்: "தூரத்தை ரெண்டு மடங்காக்கினா?"

"விசை பாதியாகும்."

"உன் செய்முறைல, தராசு மேல மின்னூட்டம் ஏத்தின ஒரு பந்து, அதுக்கு மேல இன்னொரு பந்து. பத்து சென்டிமீட்டர்ல தராசு என்ன காட்டுச்சு?"

"எண்பது மில்லிகிராம். இருபது சென்டிமீட்டர்ல இருபதுதான். நாற்பது வரணுமே, தராசு கெட்டுப்போச்சுன்னு நானும் என் வகுப்பு ஆஸ்கெரும் ரெண்டு தடவை வேற தராசு வாங்கிட்டு வந்தோம். மூணாவதும் அதையேதான்..."

பலகையைத் திரும்பிப் பார்த்தாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு தராசும் சரி. நான்தான் தப்பு," என்று பலகையை அழித்தாள். தூரத்தை வர்க்கமாக்கணும். பாயின்ட் மூணு மீட்டரை அதாலேயே பெருக்கி, அந்த 0.09-ஆல் வகுத்தாள். 0.6 நியூட்டன்.

எங்களை வெளியே அனுப்பிப் பேசினார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள். "நாலு," என்றார் ஃப்ளெமிங். இங்கே பன்னிரண்டுதான் உச்சம், பெரிய மதிப்பெண் இல்லைதான். தேறிவிட்டாள்.

ப்ரேபன் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை.

"அப்பா, நான் சொன்னது தப்பு. நீ தள்ளிப் போனப்போ நடுக்கம் பாதியில்ல, கால்வாசிதான்."

"அதை விடு. தொப்பி உண்டா, இல்லையா?"

"உண்டு. கிட்ட வா."

வந்தான் பாருங்கள். கட்டிக்கொண்டதில் தொப்பி நடுவில் சிக்கி நசுங்கிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான், மறுநாள் லாரியில் இருபத்தாறு தொப்பி போனபோது, எங்கள் பெண் எது என்று எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.