சாதாரணமா ஓட்டுங்க

"மேடம், நம்ம வண்டி பாஸாயிடுச்சுங்களா?"

லாரி டிரைவர் அவள் மேசைக்கு எதிரே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். டீசல் பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டிய மனிதர். அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த அவளுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்றே பிடிபடவில்லை.

பாஸுக்கும் பெயிலுக்கும் அதில் இடமே கிடையாது. ஆற்றுப்பாலம் பழுதாகிவிட்டதால் சரக்கு லாரிகளை எந்தத் தெரு வழியாகத் திருப்பிவிடலாம் என்று அலுவலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காக, ஊரில் ஓடுகிற லாரிகளுக்கு மாதிரியாக ஒன்றைப் பிடித்து, அதன் புகைக்குழாயில் ஒரு கருவியை மாட்டி, அந்தத் தெருவில் மேலும் கீழுமாக ஓட்டச் சொல்வார்கள். வண்டி எவ்வளவு டீசல் குடிக்கிறது, எவ்வளவு புகை கக்குகிறது என்று கருவி நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே வரும். அதை, வரப்போகிற லாரிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் தெருவின் தலைவிதி தெரிந்துவிடும். இந்த முறை ஓட்டிப் பார்த்த தெருவில் புகை எல்லையைத் தாண்டாது, தெரு தாங்கும் என்று கணக்கு சொல்லிவிட்டது. மயிரிழையில்தான், ஆனால் தாங்கும். அவளுடைய வீடு இருப்பதும் அதே தெருவில்தான். மேட்டின் பாதியில், மாடியில். இரண்டு நாள் காற்றடித்தால் மூச்சிரைத்துப் படுத்துவிடுகிற மகளும் அங்கேதான் இருக்கிறாள். அலுவலகத்தில் இந்தக் கணக்குத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் வேலை அவள் தலையில் விழுந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள்.

"இது பரீட்சை இல்லைங்க. சாதாரணமா ஓட்டுங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க மேடம். பரீட்சைக்கு முன்னாடி வாத்தியாரும் பயப்படாம எழுதுன்னுதான் சொல்லுவாரு. அதுக்காகக் கிறுக்கி வெச்சுட்டா வருவோம்?" டிரைவர் கொஞ்சம் நெளிந்தார். "பின்னாடி குழாயெல்லாம் மாட்டிட்டீங்க. வண்டி மானம் போயிடக் கூடாதில்ல. ஆக்சிலேட்டர் மேல காலை வெச்சும் வெக்காமலும் ஓட்டினேன். ஷெட்டுல என்னைப் புயல்னு கூப்பிடுவாங்க. அன்னைக்கு என்னை எனக்கே அடையாளம் தெரியல."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்: லாரிகள் தன் தெருவுக்கு வராமலே போகலாம். எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. அடுத்த நிமிடமே அந்தச் சந்தோஷம் உறுத்த ஆரம்பித்தது. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவரைப் போல இந்த மனிதர் ஓட்டிய லாரியை, ஊரில் உள்ள அத்தனை லாரிகளுக்கும் அளவுகோலாக வைத்திருந்தாள். கணக்கு தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தப்பு இத்தனை வசதியான பக்கமாகவா வந்து விழ வேண்டும்?

மேலதிகாரி முழுவதையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"மறுபடி ஓட்டிடலாம்மா. ஒண்ணு மட்டும் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தெரு தாங்காதுன்னு கணக்கு வந்து, இதே ஆளு வந்து நான் கொஞ்சம் முறுக்கி ஓட்டிட்டேன்னு சொல்லியிருந்தா, இப்படி ஓடி வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவருடைய மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகிவிட்டு, அது தன்னுடையது இல்லை என்று தெரிந்து திரும்ப வைத்தாள்.

வீட்டில் கணவனுக்கு இதில் குழப்பமே இல்லை.

"புயலைப் புயலா ஓட்டச் சொல்லு. முடிஞ்சுது."

"நான் சொன்னா அது நான் ஓட்டின மாதிரி ஆயிடும்."

"நீ ஒண்ணும் பொய் எழுதப் போறதில்லையே."

"அதுதான் எனக்குத் தெரியல," என்றாள். மகள் தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் நெஞ்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. கேட்டதா, தான் தேடியதால் கேட்பது போலிருந்ததா என்பதிலும் அவளுக்கு இப்போது நிச்சயம் இல்லை.

மறு ஓட்டத்துக்கு அவளே லாரியில் ஏறினாள். கருவியின் சின்னத் திரையை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்.

"எப்படி ஓட்டணும்?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதுங்க."

அவர் முதல் தடவை தன் பட்டப்பெயரைக் காப்பாற்றினார். வேகத்தடையில் இருவரும் கூரையை முட்டிவிட்டு வந்தார்கள். அது வேஷம் என்று அவருக்கே தெரிந்தது. அடுத்த தடவை பழைய பரீட்சைக்கே போய்விட்டார். அதற்கடுத்த தடவை இரண்டும் இல்லாமல், கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல், இன்ஜினை நடுத்தெருவில் அணையவிட்டார்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வருஷக்கணக்கா ஓட்டுறேன் மேடம். நான் எப்படி ஓட்டுவேன்னு எனக்கே தெரியல. எப்படி நடக்கிறோம்னு யோசிச்சுக்கிட்டே நீங்க நடந்து பாருங்க, கால் பின்னிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எந்த ஓட்டத்தை எடுப்பது, எதைத் தள்ளுவது? தள்ளுகிற கை அவளுடையதாக இருக்கும்வரை எதை எடுத்தாலும் அவளுக்கு வேண்டியதைத்தான் எடுத்ததாக ஆகும்.

"இன்னொரு தடவை போலாம்," என்றாள்.

மேடு ஏறத் தொடங்கும் இடத்தில், பழைய கார் ஒன்று சந்திலிருந்து மூக்கை நீட்டி, யோசித்து, பிறகு அவர்களுக்கு முன்னால் புகுந்து ஊர்ந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது.

"வீட்ல சொல்லிட்டு வந்தியாய்யா நீ," என்று முனகினார். கருவியையும் மறந்துவிட்டார், பக்கத்தில் இருந்தவளையும் மறந்துவிட்டார். அவர் தோள்கள் தளர்ந்து இறங்கியதை அவள் பார்த்தாள். கார் ஒதுங்கியது. அவர் கியரை இறக்கி, பாரத்தோடு மேடு ஏறுகிற எந்த டிரைவரும் செய்வதைப் போல, காலை அழுத்தினார்.

மடியில் எண் ஏறத் தொடங்கியது. பக்கக் கண்ணாடியில் கரும்புகை எழுந்து தெருவின் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டே வந்தது. பெட்டிக்கடை போனது, மின்கம்பம் போனது, அவள் வீட்டு மாடிக் கொடியில் காய்ந்த சின்னக் கவுனும் போனது. எண் இன்னும் ஏறியது. தெரு தாங்கக்கூடிய எல்லைக்கு அருகே வந்து, தாண்டாமல் நடுங்கிக்கொண்டு நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். லாரியின் தரைவிரிப்பில், மிதிக்க எதுவும் இல்லாத இடத்தில், அவளுடைய வலது கால் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.