கப்பல்காரர் ஒட்டிய தண்ணித் தொட்டி

என்னைப் பெண் கேட்டு வந்த றொக்சன் கொழும்பில் போர்க்கப்பல் கட்டுகிறார். இதை அப்பாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"நம்ம கடற்படைக்கு மூணு கப்பல் மாமா. எல்லாம் இங்கயே கட்டுறது. நான் வெல்டர்," என்றார் றொக்சன், எங்கள் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு.

"மூணும் வேற வேறயா?" என்றார் அப்பா.

"ஒரே மாதிரிதான். லயத்துல காம்பரா வீடெல்லாம் வரிசையா ஒரே அச்சுல இருக்கில்லீங்களா, அந்த மாதிரி. இலகு ரகப் போர்க்கப்பல்னு சொல்லுவாங்க."

"இலகுன்னா? பெருசா கட்ட தகரம் பத்தலியா?"

என் அப்பா சூசைரட்ணம் முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு மாப்பிள்ளைகளைக் கழற்றிப் பார்க்கிறார். ஏற்கெனவே வந்த இருவரில் ஒருத்தருக்கு நடை சரியில்லையாம், இன்னொருத்தர் அதிகம் சிரிக்கிறாராம். எனக்கு வயது முப்பத்தொன்று. றொக்சனை எனக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. இவரும் போய்விட்டால் அப்பாவோடு பேசுவதே இல்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"கப்பலை நான் வந்து பாக்க முடியாது. எங்க லயத்துத் தண்ணித் தொட்டி ஒழுகுது. அதை ஒட்டிக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம்," என்றார் அப்பா.

சனிக்கிழமை பைஸர் நானா கடையிலிருந்து வெல்டிங் மெஷின் ஆட்டோவில் வந்து இறங்கியது. பன்னிரண்டு வீட்டுக்கும் தண்ணீர் கொடுக்கும் இரும்புத் தொட்டி அது. றொக்சன் அதைக் காலி செய்து, உள்ளே புகுந்து, வெளியே வந்து, மேலே ஏறி, ஆள் புகும் வாய்க்கும் தகடு வைத்து, பொழுது சாயும்வரை ஒட்டினார். கறுத்த முகத்தோடு இறங்கி, "இனி ஒரு சொட்டு வெளிய வராது!" என்றார். பெண்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குக் கிளம்புவதற்காக எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தார்கள். கொஞ்சம் வந்தது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் நின்றது. மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான், அப்பாவின் முடிவைக் கேட்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு றொக்சன் தன் ஊரான றொசல்லவிலிருந்து வந்து நின்றார். தலை முழுக்கச் சோப்பு நுரையோடு பக்கத்து வீட்டு யூஜினா அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க கப்பல்காரரே, நாங்க இப்பிடியே கோயிலுக்குப் போறதா?"

அப்பா தொட்டிமேல் ஏறினார். பின்னால் றொக்சன். நானும் ஏறினேன்.

"இங்க வளைஞ்ச குழாய் ஒண்ணு இருந்துச்சே?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"வெட்டிட்டு அடைச்சிட்டேன் மாமா."

"அட கடவுளே! அது காத்து போற குழாய்! காத்து உள்ள போனாத்தானே தண்ணி கீழ எறங்கும்!"

றொக்சன் தலையில் அடித்துக்கொண்டார். "நான் பாக்கிறது கப்பலோட அடிப்பக்கம் மாமா. அங்க ஒரு ஊசி ஓட்டை விட்டாலும் தொலைச்சிருவாங்க. ஓட்டையைக் கண்டாலே கை தானா அடைக்கப் போயிருது."

"என்னாச்சு?" என்று கீழேயிருந்து கூச்சல்.

நான் றொக்சன் காதருகே குனிந்தேன். "குழாய்க்குள்ள தவளை மாட்டியிருக்குன்னு சொல்லுங்க. நான் ஓடிப்போய் ஓடையில ஒண்ணு புடிச்சிட்டு வாறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விளிம்புக்குப் போய், "தப்பு என்னுதுங்க! அடைக்கக் கூடாததை அடைச்சிட்டேன். மன்னிச்சிருங்க. அரை மணியில சரி பண்ணிர்றேன்," என்று சத்தமாகச் சொன்னார்.

பாவி! அவர் வாங்கிய ஏச்சு ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். எல்லாம் போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அரை மணி இரண்டரை மணியானது. அவர் ஒட்டிய தகடு உளிக்கும் அசையவில்லை, அப்பாவின் சம்மட்டிக்கும் அசையவில்லை. கடைசியில் துளை விழுந்து வீட்டுக் குழாய்களில் தண்ணீர் பாய்ந்தபோது பூசை முடிந்திருந்தது. எங்கள் லயத்திலிருந்து அன்று ஒருத்தரும் கோயிலுக்குப் போகவில்லை.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல, தப்பு என்னுதுன்னு சத்தமா சொன்ன ஒரு ஆளை நான் பாத்ததில்ல. பையன் சரி."

நான் மூக்கை உறிஞ்சினேன். "நெசமாவாப்பா?"

"பையன் சரிதான். பொண்ணு தவளை புடிக்கப் பாத்ததை அவங்க வீட்ல எப்பிடிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்," என்றார் அப்பா.