வெட்டி எடுக்கப்பட்ட ‘ம்’

பழைய கச்சேரிகளைப் புதிதாக வெளியிடுகிறவர்களுக்கு என் மேல் ஏதோ தனிப்பட்ட விரோதம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். யாரோ எப்போதோ ஒரு மண்டபத்தில் வாசித்ததை வானொலிக்காரர்கள் பதிவு செய்து பூட்டி வைத்திருப்பார்கள். வாசித்தவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கம்பெனி அதைத் தூசி தட்டி, ‘முதன்முறையாக’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டு சிடியாக விற்கும். அடுத்த மாதம் என்பார்கள். அடுத்த மாதம் கேட்டால் அதற்கடுத்த மாதம். ஒருவழியாக வந்து சேரும்போது பெட்டி நசுங்கியிருக்கும். இல்லாவிட்டால் ஏற்கெனவே என்னிடம் இருக்கிற கச்சேரியையே வேறு அட்டை மாட்டி என் தலையில் கட்டியிருப்பார்கள்.

“இந்த வீட்ல மனுஷங்க இருக்கணுமா, சிடி இருக்கணுமா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க” என்பாள் மனைவி. துணி அலமாரியின் கீழ்த்தட்டு போன வருடமே என் வசம் வந்துவிட்டது. மேல்தட்டிலும் நான் கண் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும்.

அந்தக் கீழ்த்தட்டு முழுக்க ஒரே ஆள். பியானோ வாசித்தவர். உலகமே மேதை என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எனக்கு அந்த மனுஷனைக் கண்டாலே ஆகாது. ஆகாதவருடைய கச்சேரியை எதற்கு விழுந்து விழுந்து வாங்குகிறேன் என்றால், எல்லாம் அக்காவுக்காக.

அக்கா அப்போது இசைக் கல்லூரியில் கடைசி வருடம். மேதை எங்கள் ஊரில் வாசிக்க வந்தபோது இசைக்குறிப்புப் புத்தகத்தின் பக்கம் புரட்ட அவளைக் கூப்பிட்டார்கள். பியானோக்காரருக்கு இரண்டு கைக்கும் ஓய்வு கிடையாது. அதனால் இடப்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பக்கம் முடியப்போகும்போது எழுந்து, தாளின் மேல் மூலையைப் பிடித்தபடி, வாசிப்பவரின் சைகைக்காகக் காத்திருப்பார். மற்ற வித்வான்கள் தலையை ஆட்டுவார்கள். நம்முடைய மேதை தலையை ஆட்டினால் கிரீடம் விழுந்துவிடும் போல. மூக்கால் சின்னதாக ஒரு ‘ம்’ போடுவார். ‘ம்’ வந்தால் உடனே புரட்ட வேண்டும், வராமல் தாளை அசைக்கக் கூடாது என்று காலை ஒத்திகையிலேயே அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

மாலைக் கச்சேரியில் கடைசி உருப்படி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாசிப்பு நடுவில் சட்டென்று நின்றது. மேதை அக்காவைத் திரும்பிப் பார்த்தார். தாளைத் தானே பின்னால் திருப்பினார். விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பார்வை போதாதா? மண்டபமே அவளைப் பார்த்தது. பத்திரிகையில் ‘பக்கம் புரட்டிய பெண்ணின் கவனக்குறைவால்’ என்று அச்சாகி வந்தது.

“அவரு ‘ம்’னாருடா. அதனாலதான் புரட்டினேன்” என்று அக்கா என்னிடம் அழுதாள். மேதை வாயைத் திறக்காமல் அடுத்த ஊருக்கு விமானம் ஏறிவிட்டார். கல்லூரியிலும் அவள் இதையேதான் சொன்னாள், யாரும் நம்பவில்லை. அங்கே அவள் நடந்து போனால் பின்னாலிருந்து யாராவது ‘ம்’ என்பார்கள், கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். பரீட்சை எழுதாமலே அவள் கல்லூரியை விட்டாள். இப்போது ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டில் பியானோ கிடையாது.

மேதையின் மற்ற கச்சேரிப் பதிவுகளைக் கூர்ந்து கேட்டால் அந்த ‘ம்’ காதில் விழும். விழும் என்ன, சில இடங்களில் எருமை கனைப்பது போலவே இருக்கும். அப்படியானால் எங்கள் ஊர்க் கச்சேரியிலும் பதிவாகியிருக்க வேண்டும் அல்லவா? ‘ம்’ முதலில் வந்ததா, தாள் முதலில் புரண்டதா என்று யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அந்த ஒலிநாடாவுக்காக வானொலி நிலையத்துக்கு நடையாய் நடந்தேன். “வெளியாளுங்களுக்குத் தர்றதில்ல சார்” என்பதை அவர்கள் அலுக்காமல் சொன்னார்கள். இந்த வருடம்தான் ஒரு கம்பெனி அந்தக் கச்சேரியை வெளியிடப் போவதாக அறிவித்தது. அறிவித்துவிட்டு, வழக்கம்போல் தள்ளித் தள்ளிப் போட்டது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை சிடி கைக்கு வந்தது. பெட்டி நசுங்கித்தான் இருந்தது. நான் உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

“எனக்கு மத்தியானம் டியூட்டிடா” என்றபடியே வந்தாள். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

சிடியோடு இருந்த சிறு புத்தகத்தைப் பிரித்தேன். உள்ளே, ‘அன்றைய விமர்சனம்’ என்ற தலைப்பில் அந்தப் பழைய பத்திரிகைக் கட்டுரையை வரி விடாமல் மறுபதிப்பு செய்திருந்தார்கள். பக்கம் புரட்டிய பெண்ணின் கவனக்குறைவு வழவழப்பான தாளில் பளிச்சென்று இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இருக்கட்டும். இப்ப பாரு, இவங்க சிடியே இவங்க மூஞ்சில கரியைப் பூசப் போவுது” என்று சொல்லி, கடைசி உருப்படியைப் போட்டேன்.

கேட்டோம். அந்த இடம் நெருங்க நெருங்கச் சத்தத்தைக் கூட்டினேன். ‘ம்’ வரவில்லை. தாள் புரளும் ஓசை வரவில்லை. நிற்கவும் இல்லை! வாசிப்பு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே கதை.

“இது சாயங்காலம் வாசிச்சது இல்ல” என்றாள் அக்கா. “இந்தக் கொஞ்ச இடம் மட்டும் காலையில ஒத்திகையில வாசிச்சது. அதையும் வானொலிக்காரங்க பதிவு பண்ணினாங்க. எதிரொலியைக் கேளு. ஆளே இல்லாத மண்டபம்.”

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, அக்காவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்த மேதையையே வாசிக்கவிட்டார்கள். காத்திருந்து காத்திருந்து, ஒலியைச் சுத்தம் செய்த பொறியாளரைப் பிடித்தேன்.

“அந்த ஒட்டு வேலையைக் கண்டுபிடிச்சீங்களா? பிரமாதமான காது சார் உங்களுக்கு!” என்று அவர் பூரித்துப் போனார்.

“காது எங்கக்காவோடது. எதுக்கு வெட்டினீங்க, அதைச் சொல்லுங்க.”

“அவரோட குடும்பத்துல கேட்டுக்கிட்டாங்க சார். அந்த இடத்துல அவரே அவசரப்பட்டு ‘ம்’னுட்டாரு. பக்கத்துல இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு. அந்தப் பொண்ணு புரட்டிடுச்சு, இவரு முழிக்கிறாரு. மேதைக்கு அசிங்கம் இல்லையா? அதான் எடுத்துட்டு ஒத்திகையிலேருந்து ஒட்டினோம். மத்த ‘ம்’ எல்லாத்தையும்கூடத் தொடைச்சிட்டோம். இப்ப தேடினாலும் ஒண்ணு கெடைக்காது.”

“அப்ப புத்தகத்துல எதுக்குய்யா அந்தப் பொண்ணு மேல பழி போட்ட கட்டுரை?”

“அப்படியா? அது வேற டிபார்ட்மென்ட் சார். அவங்க கச்சேரியெல்லாம் கேக்க மாட்டாங்க.”

“அசல் நாடா?”

“வானொலிக்கே திருப்பி அனுப்பியாச்சு. நகல் வெச்சுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம்.”

“நீங்க இப்ப சொன்னதையாவது எழுதித் தாங்க.”

பொறியாளரின் பூரிப்பு வடிந்துவிட்டது. “நான் என்ன சார் சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லலையே” என்றார். போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தேன். மறுபடியும் மேதை வாசிக்க ஆரம்பித்தார்.

வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். ஆனால் திட்டும்போதே உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியதை மறைக்க முடியவில்லை.

“அவன் எழுதித் தராட்டிப் போறான்! கேட்டியாக்கா? அவன் வாயாலயே வந்துடுச்சு. அவருதான் ‘ம்’னாராம். நீ சொன்னது நெஜம்தான்க்கா!”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?” என்றாள்.

“இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா...”

“அவரு என் காதுக்குப் பக்கத்துல ‘ம்’னாரு. அதை உன்கிட்ட அன்னைக்கே சொன்னேன். நான் சொன்னதை நம்புறவன் எதுக்குடா அலமாரி நெறைய வாங்கி வெச்சுத் தேடணும்?”

“ஊருக்குக் காட்டத்தான்க்கா. எல்லாம் உனக்காகத்தானே...”

“நான் உன்னை ஒருநாளாவது தேடச் சொன்னேனா?”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எழுந்தாள், பையைத் தோளில் மாட்டினாள். “டியூட்டிக்கு நேரமாச்சு” என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கம்பெனி மேலா, மேதை மேலா, அக்கா மேலா என்று பிடிபடவில்லை. உட்கார்ந்து மிச்ச உருப்படியை ஓடவிட்டேன். முடிந்ததும் மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அதை மட்டும் ஒரு நொடிகூட வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார்கள்.