மஞ்சக்காணியில் பாசி

காலையில் எழுந்து பல் விளக்கினேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போட்டேன். ஒரு டம்ளர்தான். பிறகு கொல்லைக்குப் போய்ப் பாசிக் குழிகளைப் பார்த்தேன். பாலிதீன் விரித்த, ஆழமில்லாத குழிகள். வற்றிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கொசு முட்டையிடாமல் இருக்க மருந்துத் தூள் தூவினேன். காய்ந்திருந்த குழியில் நீலப்பச்சைப் பாசியை அப்பளம் போல உரித்துச் சாக்கில் போட்டேன். துவைத்த சட்டை இல்லை. நேற்றையதையே மாட்டிக்கொண்டேன். நான் சயன்ஸ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அன்று லீவு. வயலுக்குப் போனேன்.

வயல் என்னுடையது இல்லை. என் மனைவி வரலட்சுமிக்கு அவள் அப்பா மஞ்சக்காணியாகக் கொடுத்தது. செய்யூருக்குக் கிழக்கே, கடல் தண்ணீர் ஏறும் கழியை ஒட்டி இருக்கிறது. கோடையில் வரப்பெல்லாம் உப்புப் பூக்கும். யூரியா போட்டால் பயிர் கொஞ்சம் பச்சை காட்டிவிட்டுக் கருகும். எதைக் கொடுத்தால் வீட்டுக்கு நஷ்டமில்லையோ அதைப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள்.

பிள்ளை இல்லாமல் பெண் செத்துப்போனால் மஞ்சக்காணி பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆடியில் வரலட்சுமி மூளைக்காய்ச்சலில் போனாள். காரியம் முடிந்த அன்றே அவள் தம்பி எல்லப்பன் நிலத்தைக் கேட்டான். உப்பளக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுக்கத் தயாராக இருந்தார். வரப்பை வெட்டிக் கழித் தண்ணீரை உள்ளே விட்டால் போதும். தையில் அறுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். ஊர்ப் பெரியவர் திருவேங்கடம் சரி என்றார். எல்லப்பன் வீட்டில் யாரும் சரி என்று சொல்லவில்லை.

எனக்கு அறுத்துப் பார்க்க வேண்டும். வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளும் நானும் போன வருடமும் அந்த மண்ணில் பாசி விட்டோம். இந்த வருடம்தான் கழிமூலையில் நட்டது நின்றது.

மடைவாயில் எல்லப்பன் குந்தியிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா ஆராயி, என் அத்தை. மடையில் ஒரு சாக்கு மூட்டை கட்டித் தொங்கியது. அதன் வழியாகத் தண்ணீர் நீலமாக உள்ளே ஓடியது.

"இன்னாடா அது?" என்றேன்.

"மயில்துத்தம். வயலு முச்சூடும் பாசி கட்டிகினு கீது, கண்ணு தெரியலயா மாமா? எங்க நெலத்த நாங்க சுத்தம் பண்றோம்."

வயலில் பாசி கண்டால் இந்தப் பக்கத்தில் இதுதான் வைத்தியம். பயிர் பச்சையாக நிற்பதைப் பார்த்ததும் அறுப்பும் தங்களுக்கே என்று முடிவு செய்துவிட்டார்கள். அதனால்தான் இந்த அக்கறை. துத்தம் பட்டால் எல்லாப் பாசியும் சாகும்.

"அந்தப் பாசியாலதான் பயிர் நிக்குது. காத்துல இருக்கிற சத்தப் புடிச்சி வேருக்குக் குடுக்குது. அதோட பிசின் மண்ண இளக்கினாத்தான் உப்பு கீழ எறங்கும்" என்றேன்.

"கேட்டியாம்மா? நெல்லுக்குப் பாசி சோறு ஆக்கிப் போடுதாம்" என்றான் எல்லப்பன்.

"காலேஜுல அதான் சொல்லிக் குடுத்தாங்களாம்" என்றாள் அத்தை. "ஊர்ல எவனாச்சும் பாசிய வளத்து வயல்ல வுடுவானா? உன் குழில பொறந்த கொசுதான்யா எம்பொண்ணத் தின்னுச்சி."

வரலட்சுமி போன பிறகு அத்தை என்னை மாப்பிள்ளை என்று சொல்வதில்லை.

நான் இறங்கி மூட்டையை அறுத்து வரப்பில் எறிந்தேன். மடையை மண் வைத்து அடைத்தேன். எல்லப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கிழிந்தது. பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பின்னாலேயே திருவேங்கடம் வந்தார்.

"கைய எடு எல்லப்பா. அறுப்பு வரைக்கும்னு பேசினதுதானே."

"நீ பேசின. நாங்க பேசல."

அத்தை முடியை அள்ளி முடிந்துகொண்டு முன்னால் வந்தாள். "சாவும்போது எம்பொண்ணு என் கையப் புட்ச்சிகினு சொன்னா. நெலத்தத் தம்பிக்கு வுட்ரும்மா, அந்தாளு கைல ஒரு நாளும் வுடாதன்னு சொன்னா. அதான் அவ கடசி பேச்சு. அத மீறி எவன் அறுக்கறான்னு பாக்கறேன்."

செத்தவள் கடைசியாகச் சொன்னது என்றால் இங்கே வழக்கு முடிந்தது. அதை மீறிப் பேச யாருக்கும் தைரியம் வராது. திருவேங்கடத்துக்கும் வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீயும் கூட இருந்தியாப்பா?"

"இருந்தேன்."

"உங்கத்த சொல்றது நெசமா?"

ஆமாம் என்றால் இப்போதே மடையைத் திறந்து துத்தத் தண்ணீரை விடுவார்கள். 'அறுக்கும்வரை விடாதீர்கள் என்றாள்' என்று நானும் சொல்லலாம். நம்புவார்கள். கழிமூலைக்கு நீலத் தண்ணீர் இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே பாசி மிதந்துகொண்டிருந்தது.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரில நீங்க கட்டில் காலப் புடிச்சிகினு நெலம் திரும்பி வருமோ வராதோன்னு அழுதுகினு இருந்தீங்க அத்தே. அவ உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. எங்கிட்டதான் சொன்னா. அப்புறம் பேசவே இல்ல."

அத்தை என் வாயையே பார்த்தாள்.

"இன்னா சொல்லிச்சி?" என்றார் திருவேங்கடம்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எங்கம்மாவ வெளிய அனுப்புங்க. அது அழுவுறதுல தல நோவுது."