இடது பக்கக் கண்ணாடி

இடது பக்கக் கண்ணாடியில் பிள்ளைகள் ஓடி வந்துகொண்டிருக்கிறார்கள், முதுகில் பை குதிக்கிறது, கைகள் உயர்ந்திருக்கின்றன, வாய்கள் திறந்து மூடுகின்றன, சத்தம் மட்டும் கேட்பதில்லை, இஞ்சின் இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கும், நான் கியரை மாற்றுகிறேன், அவர்கள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிறார்கள், தலையை உதறிக்கொண்டு பார்த்தால் பஸ்ஸும் இல்லை ரோடும் இல்லை, சிறார் நீதிக் குழுமத்தின் பின்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் என் மனைவி செண்பகம், எதிரே கல்லெறிந்து என் இடது கண்ணைப் பறித்த பதினேழு வயது இசக்கிராஜ், நடுவில் மேசைகூடக் கிடையாது. மேசை வேண்டாம் என்றவர் நன்னடத்தை அலுவலர் ஹெலன் மேடம், வழக்காக நடந்தால் உங்களுக்காக வேறு யாரோ பேசுவார்கள், இங்கே நீங்களும் அவனும் நேருக்கு நேர் பேசலாம், பேசி ஒத்துவந்தால் குழுமம் அதை ஏற்கும், வராவிட்டால் வழக்கு இருக்கவே இருக்கிறது என்று மூன்று முறை வீட்டுக்கு வந்து சொன்னார், மூன்று முறையும் செண்பகம் காப்பி கொடுத்தாள், மூன்றாவது முறைதான் சர்க்கரை போட்டாள்.

நான் எதற்குச் சம்மதித்தேன், மனசு பெரிசு என்றெல்லாம் இல்லை, அவன் அழுவதை மிச்சமிருக்கும் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அவன் அழவில்லை, தரையையே பார்க்கிறான், இங்கே இல்லாத பிரேக்கை என் வலது கால் மிதித்து மிதித்துப் பார்க்கிறது, அன்று சாயங்காலமும் மிதித்தேன், ஊர்ப்பாதை பிரிகிற சொக்கலிங்கபுரம் விலக்கில் முன்கண்ணாடி பொலபொலவென்று மடியில் கொட்டியது, கன்னத்தில் வெந்நீர் வழிகிறது என்று நினைத்தேன், பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தேன், அன்று ஓட்டிய எல்லா நடையும் நிறுத்தத்தில் நின்றுதான் போனேன், காரணமே இல்லாமல் அடித்தான் என்று, செண்பகம் அதை ஊரெல்லாம் சொல்லி அழுதாள், எட்டு மாதமாக அழுகிறாள். இசக்கிராஜ் தலை நிமிர்கிறான், கல்ல விட்டது நாந்தான் அண்ணாச்சி, என்ன செய்யச் சொன்னாலும் செய்யுதேன், ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அன்னைக்குக் காலைல பஸ்ஸு பின்னால ஓடியாந்து என் தங்கச்சி பேச்சி விழுந்தா, பல்லு ரெண்டு போச்சு, அதுலருந்து பஸ் ஏற மாட்டேங்கா, பள்ளிக்கூடமும் போவல, நீங்க கண்ணாடியில அவளப் பாத்தியளா இல்லையா.

பார்த்தேனா, அந்த விலக்கில் நாற்பது பிள்ளைகள் நிற்கும், எல்லாம் இலவச பாஸ், நிறுத்தக் கம்பத்தடியில் நிறுத்தினால் படியெல்லாம் தொங்கும், நேரம் போகும், அதனால் நூறடி தள்ளி நிறுத்துவோம், ஓடி வந்து தொற்றுகிற நாலைந்து பேரோடு இரண்டு விசில், வண்டி போய்விடும், இழுத்து நிறுத்துவது என்று எங்களுக்குள் பெயர், அதில் நான் கெட்டிக்காரன், புதிதாக வருகிற டிரைவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தவன், அன்று காலையும் இழுத்தேன், சிவப்பு ரிப்பன் சடை ஒன்று எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தது, கை பஸ்ஸைத் தொடப் போனது, அடுத்த கணம் கண்ணாடியில் இல்லை, இல்லை என்றால் விழுந்திருக்கிறது, வேறென்ன, நான் ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறேன். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாக்குமூலம் நிற்கும், கண் போன பிறகு டிப்போவில் கொடுத்திருக்கிற நேரக்காப்பாளர் நாற்காலி நிற்கும், இவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிடலாம், நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது, ஆனால் அவன் என் கறுப்புக் கண்ணாடியைப் பார்க்காமல் நல்ல கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான், பாத்தேன் என்கிறேன், பாத்துட்டுத்தான் போனேன். செண்பகம் என் பக்கம் திரும்பி, நின்னுதான் போனேன்னு எங்கிட்டயும் சொன்னியளே என்கிறாள், அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை, அப்போதுதான் இசக்கிராஜ் அழுதான், பார்க்க ஆசைப்பட்டு வந்த நான் தரையைப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

காலை ஏழே முக்கால், சொக்கலிங்கபுரம் விலக்கு, மூன்று மாதத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது இசக்கிராஜின் பொறுப்பு, பஸ் கம்பத்தடியில் நிற்கிறதா என்று பார்த்து டிப்போவில் எழுதிக்கொடுப்பது என் பொறுப்பு, அப்படித்தான் கையெழுத்துப் போட்டோம், என் பொய்க்கான விசாரணை தனியாக நடக்கிறது, நடக்கட்டும், இன்று பேச்சி வந்திருக்கிறாள், சிவப்பு ரிப்பன், கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பஸ் வருகிறது, வேகம் குறைகிறது, கம்பத்தைத் தாண்டுகிறது, பிள்ளைகள் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், பேச்சி ஓடவில்லை, கம்பத்தை விடவில்லை, நான் ஓடுகிறேன், ஐம்பத்தாறு வயதில், வேட்டி தடுக்க, ஒரு கையை உயர்த்திக்கொண்டு, வாய் திறந்து மூடுகிறது, அங்கே இடது பக்கக் கண்ணாடியில் நான் சிறுத்துக்கொண்டிருப்பேன், இஞ்சின் இரைச்சலில் அந்த டிரைவருக்கு ஒன்றும் கேட்காது, ஆனால் பார்க்கிறான், எனக்குத் தெரியும், நன்றாகப் பார்க்கிறான்.