ஐஸ் பெட்டித் தாளம்

ஐஸ் பெட்டியின் மூடிமேல் அவனுடைய நீண்ட விரல்கள் தட்டுகின்றன, மெல்ல ஆரம்பித்து வேகமெடுக்கிற தாளம், எபோ ஒரு வரி பாடுகிறான், நாங்கள் அர்த்தம் தெரியாமலே திருப்பிப் பாடுகிறோம், அவன் ஊரான கானா நாட்டில் மேட்சுக்கு முன்னால் எல்லா டீமும் இப்படித்தான் பாடும், இதற்கு ஜாமா என்று பேர், அவன்தான் சொல்லித்தந்தான், எங்கள் வியாசர்பாடி ஃபுட்பால் கிளப்புக்கு ஆட வந்த புதிதில் அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் மச்சான், கோச்சையே மச்சான் என்று கூப்பிட்டான், அவர் முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார், கோல் விட்டுவிட்டு அழுத கீப்பர் டில்லிபாபுவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தையே சுற்றியவன், அவனைப் பிடிக்காதவர் யார், பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டுக்குத் தினமும் அடிதடி, கேப்டனான நானும் அந்த சீட்டுக்குத்தான் ஏங்கினேன், அடுத்த சீசனுக்குப் பெரிய கிளப் ஒன்று அவனைக் கேட்டிருந்தது, ஊரில் அம்மாவிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஃபைனல் அன்று காலை என் கையை இழுத்துத் தன் முழங்காலில் வைக்கிறான், மடக்கும்போது உள்ளே எலும்பு உரசுவது என் உள்ளங்கைக்குத் தெரிகிறது, ரொம்ப வலி மச்சான், இன்னிக்கு வேணாம்னு கோச்கிட்ட நீ சொல்லு, நான் சொன்னா பசங்க மூஞ்சி பாக்க முடியாது என்கிறான், சரிடா என்றேன், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன், வழியில் டில்லிபாபு மறித்து, கேப்டன், அவன் பாடாம நாம எறங்கினா நமக்குக் காலே ஓடாது, எப்டியாச்சும் அவன எறக்கிடு என்று கெஞ்சுகிறான், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், எபோ கால் எப்டிப்பா இருக்கு என்று கோச் என்னிடம் கேட்கிறார், ஓகே சார், என் வாய்தான் சொன்னது, பின்னால் வந்து நின்ற எபோ என்னை ஒரு பார்வை பார்த்தான், கோபமில்லை, பெட்டிப் பக்கம் போய்த் தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

பாவி நான், பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவன் பாடியிருக்கலாமே, பாட்டுக்கு முழங்கால் எதற்கு, அத்தனை பேரில் ஒருவனுக்குக்கூட அது தோன்றவில்லையே, ஆட்டத்தில் அவனை யாரும் இடிக்கவில்லை, நான் கொடுத்த பாஸை வாங்கித் திரும்பினான், அவ்வளவுதான், புல்லில் கிடக்கிறான், இனிமே ஆட்டம்லாம் முடியாது தம்பி என்று மறுநாள் டாக்டர் சொல்லப்போவது இப்போதே என் காதில் விழுகிறது, கடைசி விசில் கேட்கிறது, ஐயோ, ஜெயித்தும் விட்டோம்.

ஐஸ் பெட்டி காலியாகக் கிடக்கிறது, ஐஸ் முழுவதும் அவன் முழங்காலைச் சுற்றி, பையன்கள் ஓடிவந்து, பாடு மச்சான், பாடு மச்சான் என்று குதிக்கிறார்கள், எபோ தட்டுவதற்கு மூடியைத் தேடுகிறான், அது எங்கோ போய்விட்டது, அவன் காலைப் பிடித்தபடி குனிந்திருந்த என் முதுகில் விரல்களை வைக்கிறான், அதே தாளம், மெல்ல ஆரம்பித்து வேகமெடுக்கிறது, எல்லோரும் பாடுகிறார்கள், நீயும் பாடு மச்சான் என்கிறான், ஓகே சார் என்று சொன்ன வாய் திறக்கவே மாட்டேன் என்கிறது.