மீனுக்குப் போட்ட கிணற்று மருந்து

என் வீட்டுக்காரர் சீனிச்சாமிக்கு மீன் என்றால் போதும், பெண்டாட்டி பிள்ளை எல்லாம் மறந்துபோகும். வீட்டை ஒட்டிய குட்டையில் கெண்டைக் குஞ்சு விட்டு ஒரு வருசமாக வளர்த்துவந்தார். எங்கள் மகள் முத்துப்பேச்சியைக் கெங்குவார்பட்டிக்காரர்கள் பெண் பார்க்க வருகிற நாளாகப் பார்த்தா அதுகளுக்குச் சீக்கு வர வேண்டும்? உடம்பெல்லாம் புண். வாயைப் பிளந்துகொண்டு கரையோரமாக ஒதுங்கிக் கிடந்தன.

மீன் ஆபீசில் முன்பே சொல்லிவைத்திருந்த மருந்தை மனுசன் காலையிலேயே வாளியில் கரைக்க ஆரம்பித்துவிட்டார். காலரா வந்தால் கிணற்றில் போடுவார்களே, அதே மருந்து.

"நாளைக்கு ஊத்தக் கூடாதாய்யா? வர்றவக பாத்தா என்ன நெனப்பாக?" என்றேன்.

"நாளைக்கு மருந்து இருக்கும். மீனு இருக்காது."

ஊற்றிவிட்டார். குட்டை முழுக்க ரோஸ் நிறம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக நஞ்சை உண்டு, கெட்ட பழக்கம் கிடையாது. அலையாய் அலைந்து கிடைத்த இடம். தட்டிப்போனால் இன்னொன்றுக்கு எங்கே போவது?

அவர்கள் வண்டியை விட்டு இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா சந்தனம்மாள் கண் நேரே குட்டைக்குத்தான் போனது.

"ஆத்தாடி! இங்கன காலராவா?"

"அய்யய்யோ, இல்லீங்க. மீனுக்குச் சீக்கு. அதுக்குப் போட்ட மருந்து."

"மீனுக்கு வைத்தியமா? யாரு காதுல பூச்சுத்துறீக?"

என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். புண் வந்த மீன் ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறிவிட்டான். நீட்டிய காப்பியை ஒருவரும் தொடவில்லை. வந்த வழியே போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் என் வாயைக் கேட்க வேண்டுமா? "மகள விட மீனு பெருசாப் போச்சா? போய் அந்தக் குட்டைக்குள்ளயே குடும்பம் நடத்துய்யா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அவர் கையிலிருந்த மீனைக் கொண்டுபோய்க் குட்டையில் விட்டார்.

பட்டுச்சேலையோடு முத்துப்பேச்சி வெளியே வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பாவ எதுக்கும்மா வையிற? தண்ணி செவந்ததுக்கே ஓடுறவக, நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல்னா பக்கத்துல இருப்பாகளா?"

பெற்ற எனக்கு இது தோன்றவில்லையே! அவளை இழுத்து அணைத்துக்கொண்டு நான்தான் அழுதேன்.